துண்டு போட்டு வைத்த இடம்

என் மகள் பவி இடது பக்கம் மெல்லுவதை நிறுத்தி ஒரு வாரம் ஆகியிருந்தது. நான் கவனித்தது எட்டாம் நாள். அதுவும் தாடை வரை கன்னம் வீங்கிய பிறகு.

"ஏஞ்சாமி, மரவள்ளிக்கெழங்க வாய்க்குள்ள ஒளிச்சு வெச்சிருக்கியா?" என்று கேட்டேன்.

அவள் சிரிக்கவில்லை. என் நகைச்சுவைக்கு ஊரில் யாரும் சிரிப்பதில்லை. ஐந்து வயது பவி மட்டும்தான் சிரிப்பாள். தொட்டுப் பார்த்தேன். கொதித்தது.

நான் மிளகு விளைவிப்பவன். எனக்குத் தெரிந்த மருந்தும் மிளகுதான். உப்போடு நுணுக்கி ஈறில் வைத்தேன். அவள் அலறிய அலறலில் கூரையில் இருந்த காக்கை பறந்து போயிற்று. அதன்பின் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். கஞ்சிக்கும் திறக்கவில்லை, எனக்கும் திறக்கவில்லை.

வீட்டில் நாங்கள் இரண்டே பேர். மனைவி செல்வி ஆடி மாதம் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவாள். மலைமேல் குண்டூர் நாடு என்னும் ஊர்ப்பகுதியில் எங்கள் வீடு இருக்கும் பள்ளத்தில் போன் எடுக்காது. காட்டுக்கு மேலே உள்ள பாறையில் ஏறி நின்றுதான் பேச வேண்டும்.

அவள் போன முதல் வாரம், படுக்கும் நேரம் வந்தாலே பவி அழுதாள். சேவல் மாதிரி கூவிக் காட்டினேன். குரங்கு மாதிரி சொறிந்து காட்டினேன். இதற்கு நடிக்கவே வேண்டியிருக்கவில்லை. ஒன்றும் எடுபடாமல், கடைசியில் ஒரு கரண்டி தேன் கொடுத்தேன்.

"அம்மா பஸ்ஸுல குடுத்து உட்டுருக்குது கண்ணு."

பலாமரப் பொந்தில் நானே எடுத்த தேன் அது. ஆனால் அழுகை நின்றுவிட்டது. அன்று முதல் தினமும் திருப்பூரிலிருந்து தேன் வந்தது. அந்த இனிப்போடு அப்படியே தூங்கிவிடுவாள். மலைத்தேனால் கெடுதல் வரும் என்று எங்கள் பக்கம் யாரும் சொன்னதில்லை. பல்லில் ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தபோதுகூட, பால்பல்தானே, விழப்போவதுதானே என்று இருந்துவிட்டேன்.

மிளகு பலிக்காமல் போன மறுநாள், செம்மேட்டில் பஸ் ஏறி, கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி, காரவள்ளி தாண்டி நாமக்கல் போய்ச் சேரும்வரை பவி என் மடியில் வாய் திறக்காமல் கிடந்தாள். இவ்வளவு நீளமான பாதை அது என்று அன்றுதான் தெரிந்தது.

குழந்தைகளுக்கான பல் டாக்டர் ஓர் அம்மாள். கெஞ்சிப் பார்த்தார். பவி மசியவில்லை. உடனே என் பக்கம் திரும்பினார்.

"அப்பா மொதல்ல படுங்க."

நாற்காலியில் படுத்தேன். குட்டிக் கண்ணாடியைப் பவி கையில் கொடுத்தார். அவள் என் வாய்க்குள் எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, உனக்குங் கருப்பா இருக்குது! பெருசு பெருசா!"

"எத்தனைன்னு எண்ணு பாக்கலாம்" என்றார் டாக்டர்.

"அஞ்சு!"

டாக்டர் என்னிடம், "ராத்திரி பல்லு வெளக்குவீங்களா?" என்றார்.

"காலையில வெளக்கறதே பெரிய காரியமுங்க."

பவி சிரித்துவிட்டாள். சிரித்த வாய்க்குள் டாக்டர் பார்த்துவிட்டார்.

பல் சீழ்க்கட்டி (சொத்தை வழியாகக் கிருமி இறங்கி, வேரின் அடியில் சீழ் சேர்வது) என்றார். பல்லை எடுத்தாக வேண்டும்.

"பால்பல்லு தானுங்களே, தானா விழுந்துராதுங்களா?"

"அந்தப் பல்லு தானா விழ இன்னும் நாலஞ்சு வருசம் ஆகுமுங்க. அதுவரைக்கும் சீழு காத்திருக்குமா? பரவுனா உசுருக்கே ஆபத்து. அடியில வளர்ற புதுப்பல்லும் கெட்டுரும். படுக்கறப்ப இனிப்பு ஏதாச்சும் குடுக்கறீங்களா?"

நான் பதில் தேடுவதற்குள் பவி சொன்னாள்: "அம்மா குடுத்து உடற தேனு."

"அப்ப அம்மாவ நிறுத்தச் சொல்லுங்க."

"சரிங்க" என்றேன். பாவம் செல்வி.

வீக்கம் வற்ற ஐந்து நாள் மருந்து. பிறகு பல் எடுப்பது. அன்று இரவு மருந்து குடித்துவிட்டுப் பவி கேட்டாள்.

"அம்மா இன்னிக்குக் குடுத்து உடலையா?"

பஸ் வரவில்லை என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் சொன்னால், நிறுத்தியவள் செல்வி ஆகிவிடுவாள்.

"தேன் அப்பாதான் எடுத்தது சாமி. அம்மா ஒருநாளும் குடுத்து உடல."

அவள் அழவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. சேவல் மாதிரி கூவிப் பார்த்தேன். பக்கத்துக் காட்டுச் சேவல்தான் பதில் சொன்னது. வீட்டில் ஒரு குழந்தை இருந்தும் நான் தனியாக இருந்த நாட்கள் அவை.

பாறையில் ஏறிச் செல்வியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஏனுங்க... என்ற பேரச் சொல்லித்தான் குடுத்தீங்களா, தெனமும்?"

"ஆமா."

"திட்டோணும்னுதான் நெனச்சேன்" என்றாள். ஆனால் திட்டவில்லை; மருந்து வேளையை மட்டும் கேட்டுக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் மரப்பு ஊசி போட்டுப் பல்லை எடுத்தார்கள். பவி என் கட்டைவிரலை நசுக்கிக்கொண்டிருந்தாள். பேசாமல் இருந்தவள் கை கொடுத்ததே எனக்குப் போதும். என்னுடைய ஐந்து சொத்தைப் பல்லில் ஒன்றையும் அன்றே எடுத்தார்கள். அழுதது நான்தான்.

குழந்தையை வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். பால்பல்லும் பல்தான். படுக்கும் முன் விளக்கிவிடுங்கள். அதற்குப் பின் தண்ணீர் தவிர எதுவும் வேண்டாம். புள்ளி தெரிந்த அன்றே கிளம்புங்கள், என்னைப்போல் தாடை வீங்கக் காத்திருக்காதீர்கள்.

புண் ஆறியபின் இடங்காப்புக் கம்பி (எடுத்த பல்லின் இடத்தைக் காக்கும் சிறு வளையம்) பொருத்தினார்கள். அது எதற்கு என்று கேட்டாள் பவி.

"பஸ்ஸுல ஜன்னல் வழியாத் துண்டு போட்டு எடம் புடிப்பாங்கல்ல? அதுதான் இது. உன்ற புதுப்பல்லு பத்து வயசு வாக்குலதான் வரும். அதுவரைக்கும் பக்கத்துப் பல்லு நகந்து உக்காந்துக்கக் கூடாது" என்றார் டாக்டர்.

அன்று விளக்கு வைத்ததும் இருவரும் பல் விளக்கினோம். அவளுக்கு நான் விளக்கிவிட்டேன். எனக்கு அவள் மேஸ்திரி. படுக்க வந்தால் என் துண்டைக் காணோம். பாயில், செல்வி படுக்கும் ஓரத்தில், நீளமாக விரித்துப் போடப்பட்டிருந்தது. சில மாதங்களாக நான் அந்தப் பக்கம் உருண்டு உருண்டு போயிருக்கிறேன் போலிருக்கிறது.

"அப்பா, நகந்து வந்துராத."

துண்டு இல்லாத கழுத்தில் குளிர் ஏறியது. முன்பெல்லாம் செல்வி வரும் நாளை நான் மாதக் கணக்கில் நினைப்பேன். இப்போது அவளை நினைக்கும்போதெல்லாம் நாக்கு, என் பல் போன குழிக்குப் போய், இன்னும் காலியாகத்தான் இருக்கிறதா என்று தடவிவிட்டுத் திரும்புகிறது. எனக்கு அங்கே இனி எதுவும் முளைக்காது. பவிக்கு முளைக்கும்.

உருளாமல் படுக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.