கம்ப்யூட்டருக்கு வைத்த ஃபேன்

பாலவனத்தத்துக் கல்யாண வீடியோ, எடிட்டிங் முடிந்து ஒரே ஃபைலாக மாறும் ரெண்டரிங்கில், காலையிலிருந்து என் ஸ்டுடியோவில் ஓடிக்கொண்டிருந்தது. அருப்புக்கோட்டை வெயிலில் என் கம்ப்யூட்டர் கொதித்துப்போகும். அதனால் கேபினட்டின் பக்கவாட்டு மூடியைக் கழற்றிவிட்டு, டேபிள் ஃபேனை அதற்கு நேராக வைத்திருந்தேன்.

பெண்ணின் அப்பா எதிரே காத்திருந்தார். மாப்பிள்ளை சாயங்காலம் துபாய்க்குக் கிளம்புகிறார். அதற்குள் பென்டிரைவ் கைக்கு வர வேண்டும்.

தொண்ணூற்றிரண்டு சதவீதத்தில் ஒரு போன். வாசலில் நின்று பேசிவிட்டு வந்து பார்த்தால் கம்ப்யூட்டர் அணைந்து கிடக்கிறது. ஃபேன் அவர் முகத்துக்கு நேராகச் சுற்றுகிறது.

"ஏன் திருப்புனீக?"

"மனுசனுக்கே காத்தில்ல. பொட்டிக்கு எதுக்குத் தம்பி? அதுக்கு வேர்க்கவா செய்யுது?"

சூடு தாங்காமல் அணைந்துவிட்டது, இனி முதலிலிருந்து மூன்று மணி நேரம் ஆகும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

"நல்ல மிசினா வாங்கித் தொழில் பாக்கக் கூடாதா?" என்றார்.

பெண்ணைப் பெற்றவர் என்பதால் விட்டேன்.

இப்போது நாற்பது சதவீதம். ஃபேன் மறுபடி கேபினட்டுக்கு. அவர் துண்டால் விசிறிக்கொண்டிருக்கிறார், கண் மட்டும் ஃபேன் மேல்.

எனக்கு ஒரு மணி நேரமாக ஒன்றுக்கு முட்டிக்கொண்டு நிற்கிறது. பக்கத்தில் இருப்பவர்கள் யாராவது ஐந்து நிமிடம் வந்து காவலுக்கு உட்காருங்கள்.