கீழ்வீட்டு அமெரிக்கரின் தாளம்

நோர்வேயில், அம்மருட் அடுக்குமாடியில் எங்களுக்கு நேர் கீழே குடியிருந்த கறுப்பின அமெரிக்கருக்குச் சத்தம் என்றாலே ஆகாது. ஆனால் லிஃப்டுக்குக் காத்து நிற்கும்போதும் அவருடைய விரல்கள் தொடையில் தாளம் போட்டபடியே இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் என் மகள் மிருதங்கம் பழகுவதைப் பற்றி முறைப்பாடு எழுதியவரும் அவர்தான்.

குடியிருப்பாளர் கூட்டத்தில் மேளங்களையே தடை செய்யும் தீர்மானம் வந்தது. ஒரேயொரு கை வித்தியாசத்தில் அது தோற்றது. அந்தக் கை அவருடையது. மாலை ஐந்து மணியோடு நிறுத்தினால் போதும் என்று முடிவானது.

வெளியே வந்ததும் காரணம் கேட்டேன். அவர் நோர்வேஜிய மொழியில் சொன்னதை எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

"நேரத்தைக் குறைக்கத்தான் சொன்னனான். கரோலினாவிலை அடிமையளாய் இருந்த எங்கடை ஆக்கள் ஒருக்கால் மேளம் அடிச்சு, ஆக்களைச் சேர்த்துக் கிளர்ந்தெழும்பினவை. அவையை அடக்கின பிறகு மேளத்துக்கே தடை போட்டாங்கள். அதாலை எங்கடை சனம் உடம்பிலை தாளம் போட்டது. அப்பிடி ஒரு சட்டத்துக்கு நான் கை தூக்குவனே?"

அடுத்த ஞாயிறு ஐந்து மணி தாண்டியதும் கதவு தட்டப்பட்டது.

"நேரம் முடிஞ்சுது," என்றார் அவர், கடுகடுத்த முகத்தோடு.

மகள் நிறுத்திவிட்டாள். அவள் வாசித்த தாளம் மட்டும் அவருடைய தொடையில் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.