சேகருக்கு வாய்ஸ் போட்டாச்சி

காலையிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் ஸ்கிரிப்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். வீடியோக்களைச் சுருக்கும் வேலையை அது இன்னொரு புரோகிராமிடம் கொடுக்க வேண்டும். ஓட்டும்போதெல்லாம் ‘முடிந்தது’ என்கிறது. போய்ப் பார்த்தால் ஃபோல்டர் காலி.

கடைசியில் பிடித்துவிட்டேன். அந்தப் புரோகிராம் இந்தக் கம்ப்யூட்டரிலேயே இல்லை! ஸ்கிரிப்ட் வேலையை ஏவிவிட்டு, நடந்ததா என்றுகூடப் பார்க்காமல் ‘முடிந்தது’ போட்டிருக்கிறது.

அந்த நேரம் பக்கத்துக் கழனி அக்காவின் போன். “இன்னாடி, உங்க கரும்புத் தண்ணி எங்க நாத்தங்கால்ல பூந்துடுச்சி. நாத்து அழுகிடும்டி!”

என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன்.

“மோட்டார நிறுத்தியாச்சின்னு சொன்னீங்களே?”

“ஆமா, மோட்டார் பாத்துக்கற சேகருக்கு வாட்ஸப்ல வாய்ஸ் போட்டேனே.”

“சேகர் கடலூர்ல இருக்காரு!”

“ஐயையோ. தோ, போறேன்.”

நான் அந்தப் புரோகிராமை ஏற்றிவிட்டு, ஸ்கிரிப்டில் ‘வேலை நடந்ததா என்று பார்’ என ஒரு வரி சேர்த்தேன். சரியாகிவிட்டது.

சற்றுமுன் வீட்டுக்காரரே கூப்பிட்டார்.

“மோட்டார் நிறுத்தியாச்சி.”

“யாரு நிறுத்துனது?”

பின்னால் கிருமாம்பாக்கம் டீக்கடையில் கிளாஸ் கழுவும் சத்தம் கேட்டது.

அந்த ஒரு வரியை இவருக்கு எங்கே சேர்ப்பது? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள். அக்கா மறுபடியும் கூப்பிடுகிறார்.