இருபது ராத்தல்

என் தம்பி ஆதிகேசவனுக்கு எடுத்ததுக்கெல்லாம் ரோஷம். அவன் அக்கா நான், அதை முதல்லயே சொல்லிடறேன். ஆம்பூர்ல மக்பூல் அகமது பாயோட தோல் பதனிடற ஷாப்புல அவனுக்குப் பட்டைக் குழியில வேலை. ஆவாரம்பட்டைத் தண்ணியில ஊறின மாட்டுத் தோலைக் கொக்கி போட்டு இழுத்து மேல போடணும். அந்த வேலையில அவனை அடிச்சுக்க ஆள் கிடையாது.

முப்பத்தோராம் வருஷம் ஆனி மாசம் சுண்ணாம்பு கரைக்கும்போது தொட்டி பொங்கி, அவன் வலது கை தோள்லேர்ந்து மணிக்கட்டு வரைக்கும் வெந்துபோச்சு. வேலூர் ஆஸ்பத்திரியில மூணு மாசம் கிடந்தான். புண்ணு ஆறிச்சு, கைதான் கட்டையாட்டம் நின்னுது. "பொங்கல் வரைக்கும் உன் குழிக்குக் கூலியாள் போட்டு ஓட்டறேன், அதுக்கு மேல என்னால ஆவாது"ன்னு பாய் சொல்லி அனுப்பிட்டார். அவனுக்கு வேற தொழில் தெரியாது.

ஆஸ்பத்திரியில டாக்டரம்மா சுவத்துல ஒரு வில் தராசை மாட்டி, அதோட கொக்கியில வாரைக் கட்டி அவன் மணிக்கட்டுல சுத்தினாங்க. "முழங்கையை மடக்கி இழு." முள்ளு நாலு ராத்தல்ல நின்னுது. இடது கை இருபத்திநாலு. "வலது கை இருபது வரட்டும், வேலைக்குப் போலாம்னு எழுதித் தர்றேன்"னாங்க.

அப்புறம் செவ்வாய்க்கு செவ்வாய் இதே வேலை. நான் எண்ணெய் போட்டுத் தேய்ப்பேன், அவன் பல்லைக் கடிச்சுக்குவான். ஆறு வந்தது, ஏழு வந்தது. ஐப்பசியில ஒரு நாள் திடீர்னு முப்பது! எனக்குத் தலைகால் புரியலை. வார்டு முழுக்க வெல்லம் குடுத்தேன்.

அடுத்த வாரம் டாக்டரம்மா பக்கத்துல நின்னு பார்த்தாங்க. இவன் காலைச் சுவத்துல ஊணி, இடுப்பைப் பின்னால சாய்ச்சு இழுக்கிறான், குழியில இழுக்கிற மாதிரியே! முக்காலியில உட்கார வெச்சு, உடம்பைச் சேர்த்துக் கட்டி இழுக்கச் சொன்னாங்க. ஒன்பது.

"இன்னாம்மா இது அநியாயம்? முப்பது இழுத்த கைதானே!"ன்னு நான் பாய்ஞ்சேன்.

"முப்பது அவன் முதுகோட பலம்மா. எனக்குக் கை வேணும்."

அவன் வாரைக் கழட்டி வீசிட்டு வெளிய போய்ட்டான். மறுநாள் அவனே வந்து முக்காலியில உட்கார்ந்தான்.

பொங்கலுக்கு முந்தின செவ்வாய் பதினெட்டு வந்தது. டாக்டரம்மா எழுதித் தரலை. ஆம்பூர்ல ரயிலை விட்டு இறங்கினதும் அவன் நேரா ஷாப்புக்கு நடந்தான். நானும் பின்னாலயே ஓடினேன்.

"எவ்ளோடா?" பாய் கேட்டார். இருபது ராத்தல் கணக்கு அவருக்கும் தெரியும்.

இருபதுன்னு சொல்லித் தொலையேன்டான்னு எனக்கு நாக்கு துடிச்சுது. அவன், "பதினெட்டு பாய். இருபது வரலை. ஆனா இங்க என்னை யாரும் முக்காலியில கட்டிப் போடலையே"ன்னான்.

கொக்கியை வாங்கினான். குழி ஓரத்துல காலை ஊணி, இடுப்பைச் சாய்ச்சான். தோல் சொட்டச் சொட்ட மேல வந்து விழுந்தது. ரெண்டு, மூணு... பத்தாவதுக்கு மேல கை தூக்க வரலை. கொக்கியைக் கீழ வெச்சுட்டான்.

"இன்னிக்குப் பத்துதான் பாய். பொய் சொல்ல மாட்டேன். நாளைக்குப் பதினொண்ணு."

பாய் கூலியாள் பக்கம் திரும்பி, "பச்சையப்பா, நீ பக்கத்துக் குழிக்குப் போ. இது ஆதிகேசவனோட குழி"ன்னார்.

ஷாப்புல அத்தனை ஆம்பளைங்க பார்க்க, நான் வாய்விட்டு அழுதேன்.