கேசட்டின் இரண்டாம் பக்கம்

சென்ற ஆண்டு பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை. காலை 6.10க்கு அப்பாவுக்கு வெந்நீர், 6.30க்கு மாத்திரை, 7.15க்கு இரண்டு இட்லி, ஒன்றரைதான் சாப்பிட்டார். ஜன்னல் வரை பனி. என் டைரியில் மதியம் வரை இவ்வளவுதான் எழுதியிருக்கிறேன். அப்பா மறைந்து ஓராண்டு நிறையும் இந்த நாளில், அன்றும் மறுநாளும் நடந்ததை உங்களிடம் சொல்ல வேண்டும். ஒரு தாமதத்துக்கு நான் காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது.

அப்பா பிறந்தது பொள்ளாச்சிப் பக்கம். பத்தொன்பது வயதில் மஞ்சூருக்கு வந்து, தேயிலை ஃபாக்டரியில் இலை வாட்டும் வேலையில் தொடங்கி, தூள் தயாரிப்பு முழுவதையும் பார்த்துக்கொள்ளும் டீமேக்கராக உயர்ந்தார். ஃபாக்டரி இரண்டு முறை மூடிக் கிடந்தபோது அம்மாவின் தையல் மிஷின்தான் எங்களைக் காப்பாற்றியது. அப்பா யாரிடமும் குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் சும்மா உட்காரத் தெரியாதவர். கால் ஆடிக்கொண்டே இருக்கும்.

அதற்குக் காரணம் ஒரு கேசட். வேலையை விட்டுப் போன மேனேஜர் ஒருவர் தன் பழைய இசைத்தட்டுகளிலிருந்து பதிந்து கொடுத்தது. பூகி வூகி என்னும் அமெரிக்கப் பியானோ இசை. ஆட்கள் நடுவே வாசிக்கும்போதே பதிவு செய்த மிகப் பழைய பதிவுகள். இடது கை, இலை உருட்டும் ரோலர் போல நிற்காமல் சுற்றும். வலது கை அதன்மேல் ஏறிக் குறும்பு செய்யும். நடுவே கிளாஸ் உரசும், யாரோ இருமுவார்கள், தரையில் காலால் தட்டுவார்கள். ஓரிடத்தில் வாசிப்பவரின் விரல் தவறிவிடும். கூட்டத்தில் ஒருவர் பலமாகச் சிரிப்பார். உடனே வாசிப்பவர் அதே தவறை வேண்டுமென்றே இன்னும் இரண்டு முறை வாசிப்பார். கூட்டம் கத்தித் தீர்க்கும்.

"தப்புக்குப் பயப்படாம, அதையே எடுத்து ஓட்டறான் பாரு கண்ணு" என்பார் அப்பா.

"ஏனுங்க, உங்க காலுக்கு பிரேக்கே இல்லீங்களா?" என்பார் அம்மா.

எதையும் ஒழுங்குபடுத்தாமல் விடாத நான் ஒரு பிழை செய்தேன். ஊட்டியில் ஒரு ஸ்டுடியோவில் கேசட்டைக் கொடுத்து, இரைச்சலை நீக்கி, போனில் ஏற்றிக்கொண்டேன். கேசட்டில் 'பிரதி எடுத்தாயிற்று' என்று சீட்டு ஒட்டி அலமாரிமேல் வைத்துவிட்டேன்.

அந்தச் செவ்வாய் மதியம் 2.20க்குப் போனில் போட்டுக் காட்டினேன். பியானோ அத்தனை துல்லியம். அப்பாவின் கால் அசையவில்லை.

"ஆளுங்கெல்லாம் எங்க கண்ணு?"

"இரைச்சல்னு எடுத்துட்டாங்கப்பா. நாந்தான் சொன்னேன்."

"அப்புறம் அவன் யாருக்கு வாசிக்கறான்?"

அதன்பின் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கேசட்டை இறக்கினேன். டேப் ரிக்கார்டரின் பெல்ட் தளர்ந்து கிடந்தது. ஃபாக்டரியில் ஃபிட்டராக இருந்த மணி அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் முதலில் மாட்டிய ரப்பர் வளையத்தில் பியானோ இழுத்து இழுத்துப் பாடியது.

"என்ன மணி, உன்ற ஆளு தூங்கறானா?"

"இருங்கய்யா, எழுப்பி உடறேன்."

5.05க்கு வேறொரு வளையம் பொருந்தியது. கூட்டம் வந்தது. அந்தச் சிரிப்பு வந்தபோது கம்பளிக்குள் அப்பாவின் கால் கட்டைவிரல் ஆடியது. ஒரு பக்கம் அரை மணி நேரம் ஓடும்; முதல் பக்கம் முடிவதற்குள் களைத்துப்போனார்.

"மத்தப் பக்கம் காலைல போடு கண்ணு. கூட்டம் அவனை எந்திரிக்கவே உடாது. அதைக் கேக்கோணும்."

மணி அண்ணனுக்கும், கடைசி மூன்று மாதங்கள் தவறாமல் வந்த நர்ஸ் அக்காவுக்கும், அந்தப் பனியில் மலையேறி வந்த உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. செய்தி அரை மணி நேரம் தாமதமாக வந்தது என்று பெரியப்பா வருத்தப்பட்டார். அவர் வருத்தம் நியாயமானது. அன்று நான் பதில் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

12ஆம் தேதி காலை 5.40க்கு அப்பா தூக்கத்திலேயே எங்களை விட்டுப் பிரிந்தார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். உங்களுக்குச் சொல்லப் போனைக் கையில் எடுத்தேன். அதை மேசைமேல் வைத்துவிட்டு, முதல் வேலையாகக் கேசட்டைத் திருப்பிப் போட்டேன்.