எனக்கு வராத ஒரு ஓவர்

பந்து போடுவதற்கென்றே ஒரு தங்கை பிறந்திருக்கிறாள் என்று எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். சொல்லாமலே நடந்த காரியம் அது. அண்ணன் எட்டாவது, நான் ஆறாவது. முழுப் பரீட்சை முடிந்த மறுநாள் காலையில் அவன் பேட்டை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறினான். பந்து என் கைக்கு வந்தது. அவ்வளவுதான், லீவு முழுக்க எனக்கு வேலை போட்டாயிற்று.

பள்ளிக்கூடம் திறந்ததும் தோல் பந்தில் ஆடுகிற ஸ்டிச் பால் டீமுக்கு ஆள் எடுப்பார்கள், அதில் எப்படியாவது சேர்ந்துவிட வேண்டும் என்பது அண்ணனின் ஆசை. எனக்கும் ஒரு ஆசை இருந்தது. ஒரு ஓவர் பேட் பிடிக்க வேண்டும். ஆறே பந்து. கேட்டேன். "பத்து நாள் ஒழுங்கா போடு, அப்பறம் பாக்கலாம்" என்றான். பத்து நாள் போனதும் லீவு முடியட்டும் என்றான். அதற்கப்புறம் செலக்‌ஷன் முடியட்டும். தவணை சொல்வதில் என் அண்ணனை மிஞ்ச ஆள் கிடையாது.

பேட் அப்பா வாங்கித் தந்தது. மில் மூடிய பிறகு அப்பா பெரிய மார்க்கெட்டில் ஒரு வெங்காயக் கடையில் எடை போடப் போய்க்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் எந்தப் பொருளையும் ஆளின் அளவுக்கு வாங்குகிற பழக்கமே இல்லை. அண்ணனின் டவுசர் முழங்காலைத் தாண்டித் தொங்கும். என் பாவாடை இரண்டு மடிப்பு வைத்துத் தைக்கப்பட்டு, வருஷத்துக்கு ஒரு மடிப்பாகப் பிரிக்கப்படும். "வளர்ற புள்ளைங்க" என்பார் அப்பா, அதோடு பேச்சு முடிந்தது. பேட்டும் அந்த வரிசையில் வந்ததுதான். தெருப் பையன்கள் அதைப் பார்த்து, பெரியவங்க ஆடுற பேட்டுடா என்று வாயைப் பிளந்தார்கள். அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. வந்த அன்றைக்கே நான் தொடப் போனபோது புறங்கையில் ஒன்று வைத்தான். "கையில எண்ணெ. கிரிப்பு போயிடும்."

நீயாகக் கொடுக்கிற வரைக்கும் அதை என் விரல்கூடத் தொடாது என்று நானும் சபதம் போட்டேன். வீம்புக்கு எங்கள் குடும்பத்தில் குறைச்சல் கிடையாது. கதவுக்குப் பின்னால் அது சாய்ந்திருக்கும், நான் பெருக்கும்போது அதைச் சுற்றிக்கொண்டு பெருக்குவேன். அம்மாவிடம் அதற்கும் திட்டு வாங்கினேன்.

மாடியில் பெயிண்ட் டப்பாதான் ஸ்டம்ப். பந்து போடுவது, பொறுக்குவது, கீழே விழுந்தால் ஓடிப்போய் எடுத்து வருவது எல்லாம் நான். பக்கத்து வீட்டு முற்றத்தில்தான் அதிகம் விழும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்த தாத்தாவின் வீடு அது. சொல்தா வீடு, அதாவது சிப்பாய் வீடு என்றால் தெருவில் யாரும் காட்டுவார்கள். அவர் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு தடவையும் அதையே கேட்பார்.

"இன்னைக்காவது பேட்டு குடுத்தானா?"

"இல்ல தாத்தா."

"பேத்திக்கு நல்ல சர்வீசு. எங்க ரெஜிமான்ல சேர்ந்திருந்தா இந்நேரம் மெடல் குத்தியிருப்பாங்க."

எரிகிறதில் எண்ணெய் ஊற்றுவது என்பார்களே, அதற்கு அவர் பீப்பாயே வைத்திருந்தார்.

ஆனால் பந்து போட்டுப் போட்டு எனக்கு ஒன்று தெரிந்துபோனது. ஆடுகிறவனின் குறையை எதிரில் நிற்கிறவர்தான் பார்க்க முடியும். அண்ணனுக்கு இடது கால் தப்பு. பந்து வருகிற திசையை நோக்கிப் போக வேண்டிய கால், ஸ்டம்புக்குக் குறுக்கே போய் ஊன்றிக்கொள்ளும். கால் குறுக்கே நின்றால் பேட் நேராக இறங்க வழி ஏது? காலைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். வந்து சேர்வதற்குள் பந்து முழங்காலில் பட்டுவிடும். தெருவில் இதை யாரும் தப்பாகவே நினைக்கவில்லை. தெரு கிரிக்கெட்டில் எல்பிடபிள்யூ கிடையாது. காலில் பட்டால் "கால்டா" என்பார்கள், அடுத்த பந்து போடுவார்கள். ஸ்டம்பைக் காலால் மறைக்கிறவன் கெட்டிக்காரன்.

டிவியில் பார்த்ததை வைத்து நான் சொன்னேன். சாக்பீஸால் தரையில் கோடு போட்டு, கால் இதன் மேலே வரணும், தலை காலுக்கு நேரே இருக்கணும், பந்தைப் பேட் வரைக்கும் பார்க்கணும் என்றேன். இரண்டு பந்து கோட்டில் வைத்தான். மூன்றாவதில் கால் பழைய இடத்துக்கே போனது. "கால்! கால்!" என்று கத்தினேன். "பேட்டு புடிச்சிருக்கியா நீ? பந்த போடு, போதும்" என்றான்.

பிடிக்கக் கொடுத்தால்தானே பிடிப்பதற்கு!

இன்னொன்றும் கவனித்திருந்தேன். ஒரு பந்து அவனை ஏமாற்றிவிட்டால் அண்ணனுக்கு மூக்கு விடைக்கும். அடுத்த பந்து எங்கே வருகிறது, எப்படி வருகிறது, எதுவும் கண்ணில் படாது. கண்ணை மூடாத குறையாகச் சுற்றுவான். கோபத்தில் ஆடுகிறவன் போன பந்தைத்தான் அடிப்பான், வருகிற பந்து அவனைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும். அதனால் ஒன்று ஏமாற்றியதும் அடுத்ததை வேண்டுமென்றே மெதுவாகப் போடுவேன். டப்பா டங்கென்று விழும். அந்த லீவில் எனக்குக் கிடைத்த சந்தோஷம் அந்தச் சத்தம் ஒன்றுதான்.

லீவு முடிய ஒரு வாரம் இருக்கும்போது மூலக்குளத்துப் பையன்களோடு மேட்ச் வந்தது. அங்கே மனை போட்டுக் கல் நட்டு வைத்திருந்த பொட்டலில் ஆட்டம். மனைக்கல்தான் பவுண்டரி. பேட் பிடிக்கிற டீம்தான் அம்பயருக்கு ஆள் தர வேண்டும் என்பது வழக்கம். வெயிலில் நிற்க எங்கள் பையன்களில் ஒருத்தனும் தயாராக இல்லை. அதனால் என்னைச் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்துக் கூட்டிப்போனான் அண்ணன். மூலக்குளத்து கேப்டன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பொண்ணா? சரி, நிக்கட்டும்" என்றான், பரிதாபப்பட்டு இடம் விடுகிற மாதிரி.

அண்ணன் நன்றாகத்தான் தொடங்கினான். ஓவர் முடிந்து பந்து போடுகிற பக்கம் வந்து நின்றபோது மெல்லக் கேட்டேன்: "செலக்‌ஷனுக்கு அப்பறம் எனக்கு ஒரு ஓவர், சத்தியமா?" பக்கத்தில் நின்ற மூலக்குளத்துப் பையன் காதில் அது விழுந்துவிட்டது. அவன் சிரித்தான். அண்ணனுக்கு மானம் போய்விட்டது. "இவளுக்கு பேட்டு வேணுமாம்டா. கரண்டி புடிக்கவே இன்னும் தெரியல" என்றான், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் பையன்களும்தான்.

அண்ணன் ஆடும் முறை வந்தது. பந்து நேராக வந்தது. கால் குறுக்கே போனது. நடு ஸ்டம்புக்கு நேரே, முழங்காலுக்குக் கீழே, பட்டென்று பட்டது. யாரும் கத்தவில்லை, அவுட் கேட்கவில்லை. பந்து போட்டவன் திரும்பி நடக்கவே ஆரம்பித்துவிட்டான்.

நான் விரலைத் தூக்கினேன்.

பந்து போட்டவன்தான் முதலில் பார்த்தான். "யாருக்கு அவுட்டு?" என்று என்னையே கேட்டான்.

"எங்கண்ணனுக்கு. எல்பிடபிள்யூ."

"என்னாடி ஒளர்ற?" அண்ணன் பேட்டோடு ஓடிவந்தான். "அதெல்லாம் டிவிலடி! இங்க ஏது?"

"கால் ஸ்டம்புக்கு நேரா இருந்துச்சு. அவுட்டுன்னா அவுட்டுதான்."

"டேய், கேட்டதுக்கே குடுக்க மாட்டாங்க, இவ கேக்காமலே குடுக்கறாடா!" என்று மூலக்குளத்து கேப்டன் மனைக்கல்லின் மேல் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு பெருந்தன்மையாக, "நீ ஆடு மச்சான், பரவால்ல" என்றான். அண்ணன் என் தோளைப் பிடித்துத் தள்ளிவிட்டு, மூக்கு ஒழுகிக்கொண்டிருந்த ஒரு பொடியனை என் இடத்தில் நிறுத்தினான். அவுட்டானவன் மறுபடி ஆடினான். மூக்கு விடைத்திருந்தது. அடுத்த பந்தைக் காணாமல் சுற்றினான். ஸ்டம்ப் பறந்தது.

மேட்சில் தோற்றோம். காரணம் நான். திரும்பும்போது கேரியரில் இடம் கிடையாது. வில்லியனூர் ரோட்டில், சைக்கிள்களுக்குப் பின்னால், அழாமல் நடந்தேன். அவன் கால் குறுக்கே போனதால் விரலைத் தூக்கினேனா, கரண்டி என்றதால் தூக்கினேனா என்று அப்போது கேட்டிருந்தால் இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லியிருப்பேன். இப்போது கேட்டாலும் கால் குறுக்கேதான் இருந்தது என்பேன்.

அதோடு நான் பந்து போடுவதை நிறுத்தினேன். அவனும் கேட்கவில்லை. பள்ளிக்கூடம் திறந்தது. செலக்‌ஷன் நடந்த சாயங்காலம், அவனுக்கு முன்னால் அவன் கூட்டாளி ஒருத்தன் தெருவுக்கு வந்து சேர்ந்துவிட்டான். "மொத பந்தே கால்ல வாங்கிட்டான். பி.டி. மாஸ்டர் வெரலத் தூக்கிட்டாரு" என்றான். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான், ஏதோ நான்தான் மாஸ்டருக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரி.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அண்ணன் நேராக மாடிக்கு ஏறினான். கொஞ்ச நேரம் பொறுத்து நானும் போனேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து, பேட்டின் கைப்பிடியை என் பக்கமாக நீட்டினான். "இந்தா" என்றான். லீவு முழுக்க நான் கேட்டு நின்றது, கைக்கெட்டும் தூரத்தில். அவனாகவே கொடுக்கிறான். சபதத்துக்கும் பங்கமில்லை.

"இப்ப மட்டும் எதுக்கு? எனக்கொண்ணும் வேணாம். கரண்டி புடிக்கிற கைதானே" என்றேன். மூக்கு விடைத்திருந்தது. இந்த முறை எனக்கு.

அவன் கொஞ்ச நேரம் அப்படியே நீட்டிக்கொண்டு நின்றான். பிறகு கீழே இறங்கிப் போய்விட்டான். ஒரு ஓவர் ஆடத்தான் கூப்பிடுகிறான், நாளைக்கு மறுபடி வந்து கெஞ்சுவான், கெஞ்சட்டும் என்று நினைத்துக்கொண்டேன். அவன் கூப்பிடவில்லை, பேட்டையே கொடுத்துவிட வந்திருந்தான் என்பது அந்த ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது. கதவுக்குப் பின்னால் சுவர் காலியாக இருந்தது. கதிர்காமத்துப் பெரியம்மா மகனிடம் கொடுத்தாயிற்றாம். அதற்கப்புறம் அண்ணன் டியூஷன், பரீட்சை என்று போனான். கிரிக்கெட் என்றால் டிவியில் பார்ப்பதோடு சரி.

நான் எட்டாவது படிக்கும்போது கதிர்காமத்துக்குப் போயிருந்தோம். பெரியம்மா குழாயடியில் போர்வை துவைத்துக்கொண்டிருந்தார். கையில் அந்த பேட். ரப்பர் கிரிப் உரிந்து, நுனி ஊறிப்போய், சோப்பு நுரையோடு போர்வையின் மேல் தொப்புத் தொப்பென்று இறங்கிக்கொண்டிருந்தது. அவர் மகனுக்கு ஆட்டத்தில் நாட்டமில்லையாம். "இந்தாடி, கொஞ்சம் அடிச்சுக் குடு, தோளு விட்டுப்போச்சு" என்று கைப்பிடியை நீட்டினார்.

இந்த முறை வாங்கினேன்.

அடிக்கவில்லை. குழாயடியிலேயே, டிவியில் நிற்பார்களே, அப்படி நின்றேன். இரண்டு கையாலும் பின்னால் தூக்கினேன். தூக்கியதும் அதன் கனம் என்னையும் சேர்த்து இழுத்தது. மணிக்கட்டு திரும்பிக்கொண்டது. சாய்ந்துவிடாமல் இருக்க என் இடது கால் தானாக முன்னால் போனது. குறுக்கே. நான் ஒரு லீவு முழுக்கப் பார்த்துக் கத்திய அதே இடத்தில், அதே கோணத்தில் போய் ஊன்றிக்கொண்டது. எடுத்து நேராக வைத்துவிட்டு மறுபடி தூக்கினேன். மறுபடி அங்கேயே போனது.

அந்த லீவில் அண்ணனும் எட்டாவதுதான். குழாயடியில் எனக்கு இருந்த கைதான் அவனுக்கும் அன்றைக்கு. வளர்கிற பிள்ளைக்கு வாங்கிய பேட்.

"என்னாடி நிக்கிற? அடி" என்றார் பெரியம்மா.

அடித்தேன். போர்வை கிழிந்துவிடும் என்று அவர் கத்துகிற வரைக்கும் அடித்தேன். அவனுக்கும் தெரியாது, தூக்கியே பார்க்காத எனக்கும் தெரியாது. ஆறு பந்துகூட வேண்டாம். ஒரே ஒரு பந்துக்கு அதை என் கையில் கொடுத்திருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேனே, மடையா, தப்பு உன் காலில் இல்லை என்று.