ஏலக்காய் பணிஸ் தேடிய சுவீடன் அண்ணை

சுவீடன் அண்ணை போய்விட்டார்.

காலையில் வேலைக்குப் போகும் பஸ்ஸில் இருந்தபோது அவர் மனைவி ராணி அக்காவின் ஃபோன். "இரவு நித்திரையிலயே போட்டாரடி..." என்றார். அடுத்த தரிப்பிடத்தில் இறங்கி நின்று அழுதேன்.

நகுலன் அண்ணை என்பதுதான் பெயர். இங்கே சுவிஸில், லுசேர்ண் ஹோட்டல் குசினியில் பல வருடம் ஒன்றாக வேலை செய்தோம். அங்கே ஒருவருக்கும் அந்தப் பெயர் தெரியாது. சுவீடன் அண்ணை என்றால் பாத்திரம் கழுவும் போர்த்துக்கல்காரனுக்கும் தெரியும்.

நாங்கள் எல்லோரும் ஊரை நினைத்துப் பெருமூச்சு விட, இந்த மனுசன் மட்டும் சுவீடனை நினைத்து விடுவார். இளவயதில் தனியாகப் போய் இறங்கியது அங்கேதான். வடக்கே, ஊமியோவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர்... அங்கே ஒரு பேக்கரியில் வேலை. பிறகு ராணி அக்காவைக் கட்டி, லுசேர்ணுக்குப் பக்கத்தில் எம்மன்புரூக்கேவுக்கு வந்துவிட்டார். ஆள் வந்தார், நாக்கு வரவில்லை.

மேசை கதிரை விற்கும் பெரிய சுவீடன் கடை இருக்கிறதே... சனிக்கிழமைகளில் அங்கே போவோம். உலகமே முன்வாசலால் உள்ளே போகும், அண்ணை வெளியே வரும் வாசலால் நுழைவார். அலுமாரியை ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். சாப்பாட்டுச் சாமான் பக்கம் நேரே போய் நிற்பார்.

மொறுமொறுவென்ற வட்ட ரொட்டி, கடுகுச் சாற்றில் ஊறிய மீன், டியூபில் அடைத்த மீன் சினை. "இது பல்லுத் தீட்டவோ அண்ணை?" என்று கேட்டு வாங்கிக் கட்டியிருக்கிறேன். அவித்த முட்டையில் அதைப் பிதுக்கிச் சாப்பிடும்போது அவர் முகத்தைப் பார்க்கவேண்டும்...

சிவப்பு லிங்கன் பழ ஜாம் மட்டும் எப்போதும் இரண்டு போத்தல். பிறந்தநாள் வீடுகளுக்குச் சொந்தமாக ஒன்று கொண்டுவந்து, மட்டன் ரோல்ஸைத் தொட்டுத் தொட்டுச் சாப்பிடுவார். சனம் சிரிக்கும். நானும் சிரித்துக்கொண்டே ஒருநாள் தொட்டுப் பார்த்தேன். இப்போது எங்கள் வீட்டிலும் அப்படித்தான்.

உப்புப் போட்ட கறுப்பு இனிப்பைக் குசினிக்குப் புதிதாக வருகிறவர்களுக்குக் கொடுத்து வேடிக்கை பார்ப்பார். "அதிமதுரத்தில உப்பைப் போட்டு ஆர் அண்ணை இனிப்புச் செய்தது?" என்று நான் துப்பியது இன்னும் நினைவிருக்கிறது. "உங்களுக்கு விளங்காது பிள்ளை" என்று மீதியைத் தன் வாயில் போட்டுக்கொண்டார்.

இன்னொன்று... ஏதாவது கேட்டால் "ஓம்" என்று சொல்லாமல் மூச்சை உள்ளே இழுத்து "ஷுப்" என்பார். அங்கே வடக்கில் ஓம் சொல்வது அப்படித்தானாம். புதிதாக வந்த ஷெஃப் ஆஸ்துமா என்று பயந்து கதிரை கொண்டு ஓடிவந்தார்.

ஆனால் அவர் உண்மையில் தேடியது கடையில் இல்லை. ஏலக்காய் பணிஸ். அந்தப் பேக்கரியில் தினமும் அவர் கையால் முறுக்கிச் சுற்றிய இனிப்பு பன்.

"கறுவாப் பணிஸ் கிடக்கு. ஏலக்காய் இல்லை. அதுதானே சாமான்..." என்று ஃப்ரீசருக்குள் தலையை விட்டுப் புலம்புவார். பிறகு போய்க் காசு வாங்கும் பெட்டையிடம் சுவீடிஷில் கேட்பார். அவள் அல்பேனியப் பிள்ளை, ஒரு சொல் தெரியாது. அவள் தெரியாது என்று தலையாட்டுவாள், இவர் அடுத்தமுறையும் கேட்பார்.

ஒருமுறை வீட்டிலேயே செய்தார். வீடு முழுக்க ஏலக்காய் வாசம். "பாயாசமோ காய்ச்சுறீங்கள்?" என்று ராணி அக்கா நக்கலடித்தார். எங்களுக்கு நன்றாகத்தான் இருந்தது. அவர் ஒரு கடி கடித்துவிட்டு வைத்துவிட்டார்.

"மா சரி, ஏலக்காய் சரி. என்ன குறையுதெண்டு தெரியேல்ல பிள்ளை... ஒருக்காப் போகவேணும். ராணியைக் கூட்டிக்கொண்டு போய் அந்தக் கடையில இருத்தி, ஒண்டு வாங்கிக் குடுக்கவேணும்."

இதை எத்தனை தரம் கேட்டிருப்பேன்... ராணி அக்காவுக்குக் குளிர் என்றால் ஆகாது. "இஞ்சத்தைக் குளிரே போதும்" என்பார். பிறகு பிள்ளைகளின் படிப்பு, பிறகு அவரின் முழங்கால். அடுத்த வருடம், அடுத்த வருடம் என்று போய்க்கொண்டே இருந்தது.

ஒருநாள் ஹோட்டலுக்கு ஒரு சுவீடன் தம்பதி வந்து, குசினியில் இருக்கும் அண்ணையைப் பற்றிக் கேள்விப்பட்டுக் கூப்பிட்டார்கள். ஏப்ரனைக் கழற்றி, தலை சீவிக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது.

"நான் கதைக்கிறது அசல் வடக்குப் பாசையாம் பிள்ளை. விழுந்து விழுந்து சிரிச்சவை. எந்த ஊர் எண்டு கேட்டவை..."

"என்ன சொன்னீங்கள் அண்ணை?"

"யாழ்ப்பாணம் எண்டுதான் சொல்ல வெளிக்கிட்டனான். வாயில அந்தப் பேக்கரி ஊர்தான் வந்தது."

ஏப்ரனைத் திரும்பக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

ஃபோன் வந்த அன்று மத்தியானம் அண்ணை வீட்டுக்குப் போனேன். சனம் நிறைய. ராணி அக்கா ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தார்.

"கனடாவுக்குச் சொல்லியாச்சு. லண்டனுக்குச் சொல்லியாச்சு. ஊருக்கும் சொல்லியாச்சு. சுவீடனில ஆருக்கடி சொல்லுறது? விடிஞ்சாப் பொழுதுபட்டா அந்த ஊர்க் கதைதான். ஒருத்தற்றை பேரைக்கூட நான் கேட்டு வைக்கேல்லையே..."

எனக்கும் தெரியாது, அந்தச் சின்ன ஊரின் பெயரும் என் வாயில் நிற்கவில்லை. வேலை கொடுத்த முதலாளியையும் பேக்கரி அம்மா என்றுதான் எப்போதும் சொல்வார்.

அதனால்தான் இங்கே எழுதுகிறேன். ஊமியோப் பக்கம் யாராவது இருந்தால், அல்லது அங்கே யாரையாவது தெரிந்தால், தயவுசெய்து பகிருங்கள். முன்பு ஒரு சின்ன ஊர்ப் பேக்கரியில் வேலை செய்த நகுலன் என்ற தமிழ்ப் பொடியனை யாருக்காவது ஞாபகம் இருந்தால்... அவர் இறந்துவிட்டார் என்று சொல்லிவிடுங்கள்.

மனைவியைக் கூட்டிக்கொண்டு வருவதாகத்தான் இருந்தார் என்றும் சொல்லுங்கள்.

போயிட்டு வாங்கோ அண்ணை...